பெடல் நோட்: மிதிச்சுரமா, அடிச்சுரமா?

டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிப்பவர்கள் 'பெடல் நோட்' என்று சொன்னதும், பியானோவுக்கு இருப்பதுபோல அதற்கும் கீழே ஏதோ மிதிகட்டை இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். டியூபாவில் மிதிக்க ஒன்றுமே கிடையாது. அந்தக் கருவியில் வரும் மிக மிகத் தாழ்ந்த சுரங்களுக்குத்தான் அந்தப் பெயர்.

சொல்லின் வேர் லத்தீன். 'பெஸ்' என்றால் பாதம், அதிலிருந்து 'பெடாலிஸ்', அப்புறம் இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும் பைப் ஆர்கனில் கைக்கு உள்ளதுபோலக் காலுக்கும் தனியாக ஒரு கட்டை வரிசை உண்டு, தாழ்ந்த சுரங்களை அதில் காலால்தான் வாசிப்பார்கள். கால் தொடும் சுரம் என்றாலே அடியாழச் சுரம் என்று ஆகி, அந்தப் பெயர் ஊதுகருவிகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் பித்தளைக் கருவிக்காரர்களுக்கு இதன் பொருள் இன்னும் குறுகலானது. வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால் எல்லாச் சுரமும் வராது. ஓர் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் 2, 3, 4 மடங்குகளும் என்று படிப்படியாகத்தான் வரும், இதைத்தான் ஹார்மோனிக் வரிசை என்பார்கள். வழக்கமான வாசிப்பு இரண்டாம் படியிலிருந்து மேலே. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் முதல் படிதான் பெடல். பி ஃபிளாட் டியூபாவின் குழாயை நிமிர்த்தி நீட்டினால் சுமார் 18 அடி, அதன் பெடல் சுமார் 29 ஹெர்ட்ஸ். பியானோவின் இடதுகோடிக் கட்டையே 27.5 ஹெர்ட்ஸ்தான், அதற்கு அரைச்சுரம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வுகளை அழுத்திக்கொண்டே போனால் காது கேட்கும் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸ் பக்கம்கூடப் போய்விடலாம்.

அதை ஊதுவதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். தாடை இறங்கி, வாய்க்குள் பெரிய குகைபோல இடம் விட்டு, உதடு தளர்ந்து, வாயில் வைத்து ஊதும் மௌத்பீசுக்குள் படபடக்கும். சத்தம் ஒரே நாதமாக வராமல் தனித்தனித் துடிப்பாக உதிரும், மூச்சோ சில நொடிகளில் காலி! இதையே போனில் பதிவு செய்து கேட்டால் அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 29 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது, ஆனாலும் மேல் மடங்குகளை வைத்துக் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

உதட்டாலேயே இழுத்து வரவழைக்கும், படிவரிசையில் இல்லாத சுரங்களும் உண்டு. அவை பெடல் அல்ல, 'ஃபால்ஸ் டோன்'. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மிதிவண்டியைப் பார்த்து 'மிதிச்சுரம்' என்று ஆக்கினால் மறுபடியும் மிதிகட்டையைத் தேட வேண்டியதுதான். கீழ் ஸ்தாயியைச் சொல்லும் 'மந்தர ஸ்தாயி' அல்லது பழைய தமிழ்ச் சொல்லான 'மெலிவு' என்றால் அது முழு ஸ்தாயியையும் குறிக்கும், இந்த ஒரு படியை அல்ல. அதற்கும் கீழே உள்ள 'அனுமந்தரம்' கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனால் அதுவும் ஒரு ஸ்தாயியின் பெயர்தான்.

என் ஓட்டு 'அடிச்சுரம்'. அடி என்றால் பாதம், கீழ்ப்பகுதி, மூலம் மூன்றும்தானே. லத்தீன் சொல்லின் காலும் இருக்கிறது, ஹார்மோனிக் வரிசையின் முதல் படியும் இருக்கிறது. குழாயின் நீளத்தைக்கூட அடியில்தான் சொன்னோம்.