நூறு ரூபாய்க்காகக் காத்திருந்தவர்கள்

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். எங்கள் தெருவிலும் ஒரு சொல்தா மாமா இருக்கிறார். பாரிஸிலிருந்து மகள் வரும்போது கொடுத்துவிட்டுப் போன யூரோ நோட்டுகளைப் பீரோவில் வைத்துக்கொண்டு, "நூறு வரட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். 2025-ஆம் ஆண்டின் நடுவில் யூரோ 100 ரூபாயைத் தொட்டதும் மிஷன் வீதிக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். நாணய மாற்றுக் கடையில் ஏற்கெனவே மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவருமே நூறு ரூபாய்க்காகக் காத்திருந்தவர்கள்தான்.

நாணயச் சந்தையின் வரைபடத்தைப் பார்த்து எந்த நேரத்தில் வாங்குவது, எந்த நேரத்தில் விற்பது என்று முடிவு செய்யும் கலைக்கு அறிவியல் அடிப்படை ஏதாவது உண்டு என்றால், அது அந்த வரிசையில்தான் இருக்கிறது. புதுச்சேரியின் யூரோ நோட்டுகள் உலகச் சந்தையை அசைக்காது. 2022 கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு நாளைக்கு 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. ஆனால் முழு எண்ணின் மேல் மனிதர்களுக்கு இருக்கும் ஆசை அங்கேயும் இதேதான்.

கரோல் ஆஸ்லர் என்ற பொருளியலாளர், 'இந்த விலை வந்தால் வாங்கு' அல்லது 'விற்றுவிடு' என்று ஒரு பெரிய வங்கியில் பதிவாகியிருந்த ஆயிரக்கணக்கான ஆர்டர்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுவதற்கான ஆர்டர்கள் முழு எண்களின் மேலேயே குவிந்திருந்தன. நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்களோ அந்த எண்ணைச் சற்றே தாண்டிய இடத்தில் குவிந்திருந்தன. விளைவு எளிது. விலை ஏறி 100-ஐத் தொட்டால் அங்கே காத்திருக்கும் விற்பனை அதைத் திருப்பி அனுப்பப் பார்க்கும். இதைத்தான் சார்ட் பார்ப்பவர்கள் தடை நிலை என்கிறார்கள். எப்படியோ தாண்டிவிட்டால், 'விலை ஏறாது' என்று பந்தயம் கட்டி, முதலில் விற்றுவிட்டுப் பிறகு மலிவாக வாங்கி ஈடுகட்ட நினைத்தவர்களின் ஸ்டாப் லாஸ்கள் வரிசையாக வெடிக்கும். அவை எல்லாம் வாங்கும் ஆர்டர்கள் என்பதால் விலை இன்னும் வேகமாக மேலே போகும்.

இனி ஒரே ஒரு கேண்டிலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் விலை எங்கே தொடங்கி, எதுவரை ஏறி இறங்கி, எங்கே முடிந்தது என்று மெழுகுவத்தி வடிவில் காட்டும் படம்தான் கேண்டில். எண்கள் உதாரணத்துக்குத்தான். பதினைந்து நிமிடத்தில் விலை 100.02-இல் தொடங்கி, 100.18 வரை ஏறி, 99.95 வரை இறங்கி, 99.97-இல் முடிந்தது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே ஐந்து காசு. அதுதான் குட்டையான சிவப்பு உடல். தலைக்கு மேல் பதினாறு காசு உயரத் திரி. 100-க்கு மேலே இருந்த ஸ்டாப் லாஸ்கள் தீர்ந்தபின் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை என்பதே இந்தத் திரி சொல்லும் கதை. உடைந்ததுபோலத் தெரிந்த தடை உடையவில்லை.

இதை நம்புகிறவர் 99.97-இல் விற்கிறார். திரியின் நுனிக்குச் சற்று மேலே 100.22-இல் ஸ்டாப் லாஸ், கீழே 99.47-இல் இலக்கு. தவறினால் 25 காசு நஷ்டம், பலித்தால் 50 காசு லாபம். மூன்றில் ஒரு முறை பலித்தாலே கைக்காசு போகாது. இன்னொருவர், 'நன்றாக உறுதியாகட்டும்' என்று காத்திருந்து 99.70-இல் அதே ஸ்டாப் லாஸோடும் அதே இலக்கோடும் விற்கிறார். அவருக்கு 52 காசு நஷ்டம் அல்லது 23 காசு லாபம். நூற்றுக்கு ஏறக்குறைய 69 முறை பலித்தாக வேண்டும். எவ்வளவு இழந்து எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற விகிதத்தை நுழையும் நேரம்தான் தீர்மானிக்கிறது.

அப்படியானால் முதல் ஆள்தான் கெட்டிக்காரரா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. 1900-இல் லூயி பாஷலியே என்ற இளைஞர் பாரிஸில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். விலை, தள்ளாடி நடப்பவனைப்போலத் திசையில்லாமல் நகர்கிறது என்பது அதன் சாரம். நீரில் மிதக்கும் துகள்களின் நடுக்கத்துக்கு ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டதற்கு ஐந்தாண்டு முன்னதாகவே இது வந்துவிட்டது. பாஷலியேயின் உலகத்தில் முதல் ஆளின் இலக்கு ஸ்டாப் லாஸை முந்துவதற்கான வாய்ப்பு, 75 காசில் 25 காசு, அதாவது சரியாக மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் ஆளுக்கு 75-இல் 52, அதுவும் 69 சதவீதம். இருவரும் கடைசியில் பூஜ்யத்தில்தான் நிற்பார்கள். தரகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சேர்ந்தால் இருவருக்கும் நஷ்டம்.

ஆக, வெறும் நேரம் பார்ப்பதில் காசு இல்லை. விலையின் தள்ளாட்டம் ஏதோ ஓர் இடத்தில் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்தால்தான் உண்டு. ஆஸ்லர் கண்ட ஆர்டர் குவியல்கள் அப்படிப்பட்ட சாய்வுதான். மிகச் சிறிய சாய்வு.

சார்ட்டில் பலரும் போட்டுக்கொள்ளும் 20 நாள் சராசரிக் கோடு இந்தக் குவியல்களைக் காட்டாது. கடந்த 20 நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 20-ஆல் வகுப்பதுதான் அது. சந்தையைவிடச் சராசரியாக ஒன்பதரை நாள் பின்தங்கியே வரும். போக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள உதவும், நுழையும் நேரத்துக்கு உதவாது. யூரோ-ரூபாய் வரைபடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது யூரோ-டாலர் விலையையும் டாலர்-ரூபாய் விலையையும் பெருக்கி வருவது. 1.17-ஐ 86-ஆல் பெருக்கினால் 100.62. மேலே போனது யூரோவின் பலத்தாலா, ரூபாயின் பலவீனத்தாலா என்று அந்த ஒரு கோடு சொல்லாது.

ஸ்டாப் லாஸை அரண் என்று நம்புகிறவர்கள் 2015 ஜனவரி 15-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாது என்று காத்துவந்த சுவிஸ் மத்திய வங்கி அன்று கையை எடுத்துவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 பிராங்குக்கும் கீழே விழுந்தது. 1.19-இல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை.

இந்தியாவில் இணையம் வழியே இந்த நாணய வியாபாரத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தைகளிலும் ரிசர்வ் வங்கி அனுமதித்த மின்னணுத் தளங்களிலும்தான் அனுமதி. ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களுக்கு, நாணய மதிப்பு மாறினால் பாதிக்கப்படும் உண்மையான வரவோ செலவோ இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் கறாராகச் சொல்லிவிட்டது. செல்போனில் வரும் பல வெளிநாட்டுச் செயலிகள் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கின்றன.

கடைக்குத் திரும்புவோம். பலகையில் வாங்கும் விலை 98 ரூபாய் சில்லறைதான். "டிவியில் நூறு என்கிறான், இங்கே இப்படி எழுதியிருக்கிறாயே தம்பி?" என்று மாமா கேட்டார். டிவி சொல்வது வங்கிகளுக்கு இடையிலான விலை என்று கடைக்காரர் அன்று நான்காவது முறையாக விளக்கினார். மாமா நோட்டுகளை எண்ணிப் பாதியை மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"மீதியை எப்போது மாமா மாற்றுவீர்கள்?"

"நூற்றைந்து வரட்டும்" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர் ஆமாம் என்று தலையாட்டினார்.