“எதுவும் கடிக்கலையே டாக்டர்!”

போன வாரம் ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாறிய அந்த இளைஞருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எட்டு நாள் காய்ச்சல். முதலில் வைரல் என்று சொல்லியிருக்கிறார்கள். பிளேட்லெட் குறைந்ததும் டெங்கு, அது இல்லை என்று ரிசல்ட் வந்ததும் டைபாய்டு. இரண்டு வகை ஆன்டிபயாடிக் முடித்துவிட்டு எங்களிடம் வந்தபோது கண் மஞ்சளாகி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில், ஜட்டி எலாஸ்டிக் அழுத்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சமீபத்தில் எங்காவது போனீர்களா என்று கேட்டதற்கு, மசினகுடிப் பக்கம் காட்டுக்குள் ஒரு மண்குடிலில் இரண்டு ராத்திரி தங்கியதைச் சொன்னார். உடனே சேர்த்துக்கொண்டார்: “ஆனா எதுவும் கடிக்கலையே டாக்டர்!”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடித்தால் தெரியும், வலிக்கும், தடம் இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். காட்டு விடுதிக்குப் போகிறவர்களின் பயம் முழுக்க யானை, சிறுத்தை, அட்டை மேல்தான். யானைக்குப் பயப்படுவது நியாயம். இருட்டியபின் குடிலை விட்டு வெளியே போகாதே என்று விடுதிக்காரர் சொன்னால் போகாதீர்கள், அதில் விவாதமே வேண்டாம். ஆனால் அட்டை? காலில் ரத்தம் வழிய, ‘உடம்பில் விஷம் ஏறிவிட்டதா’ என்று பதறி போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்டை பொதுவாக எந்த நோயையும் கொடுப்பதில்லை. ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் சுரக்கிறது, அதனால் கொஞ்ச நேரம் வழியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் நன்றாகக் கண்ணில் தெரிகிற, ரத்தம் வரவைக்கிற இந்தக் கடிதான் இருப்பதிலேயே சாது.

ஐசியூ வரை கொண்டுவருவது உணராத கடி.

அந்த இளைஞருக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு நாயின் காதில் தொங்கும் உண்ணியை நினைத்துக்கொண்டு, அப்படி ஒன்று உடம்பில் ஒட்டியிருக்கிறதா என்று தேடாதீர்கள். இதைப் பரப்புவது புல்லிலும் புதரிலும் இருக்கும் மைட் என்ற நுண்பூச்சியின் இளம்பருவம். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். துணி இறுக்கும் இடத்தில், தோல் மடிப்பில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் உணவெடுத்துவிட்டுத் தானாக உதிர்ந்துவிடும். வலிக்காது. பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது. காய்ச்சல் வருவதோ 6 முதல் 21 நாள் கழித்து. அதற்குள் நீங்கள் ஊர் திரும்பி, போட்டோ எல்லாம் போட்டு, அந்தப் பயணத்தையே மறந்திருப்பீர்கள். ஆக, எதுவும் கடிக்கவில்லை என்று நீங்கள் சொல்வது உங்களுக்குத் தெரிந்த அளவில் உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்து என்னால் எந்த முடிவுக்கும் வர முடியாது. நீங்கள் எங்கே படுத்தீர்கள், எங்கே நடந்தீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைட் கடித்த இடத்தில் வரும் அந்தக் கறுப்புப் பொருக்கு எல்லா நோயாளிகளிடமும் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேடாமல் எப்படிக் கிடைக்கும்? அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, காதுக்குப் பின்னால், பிறப்புறுப்பு. சட்டை மேலேயே ஸ்டெத் வைத்து அனுப்பிவிட்டால் இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். முதல் சில நாட்களில் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. நோயாளி கூச்சப்பட்டால், ஏன் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பார்க்கலாம்.

மருந்து? டாக்ஸிசைக்ளின். மலிவான, பழைய மாத்திரை. சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்கும் அமாக்ஸிசிலினும் செஃபிக்ஸிமும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவிவிட்டால் கதையே வேறு. தீவிர நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த நிலைக்கு நீங்கள் ஏன் வர வேண்டும்?

இன்னொரு உணராத கடி, கட்டுவிரியன். பகலில் சாதுவாகச் சுருண்டு கிடக்கும். இரவில் இரை தேடி வந்து, தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கடித்துவிடும். கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது. பல் தடம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார்கள். நேற்று ராத்திரி சாப்பிட்ட பார்பிக்யூ ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சிக் கஷாயம் கொடுப்பார்கள். அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் நின்றுபோகும். காட்டில் தங்கிய இரவுக்கு மறுநாள் காலை வயிற்றுவலியோடு இமையும் கனத்தால், வேறு காரணம் தெரியும்வரை அதைப் பாம்புக்கடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்கவும் போகாதீர்கள். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது கேட்காது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? காட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

கட்டிலில் படுங்கள். கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் முழுக்கச் செருகுங்கள். மேலே அழகாக முடிச்சுப் போட்டுத் தொங்கும் வலை யாரையும் காப்பாற்றாது. இரவில் பாத்ரூம் போக டார்ச், செருப்பு இரண்டும் கட்டாயம். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

அறைக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள். குரங்கு வரும் என்பதற்காக மட்டும்தான் இது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிரித்து வைத்த முறுக்குப் பொட்டலம் எலியை வரவைக்கும். எலியின் உடம்பில் ஒட்டித்தான் அந்த மைட்டின் இளம்பருவம் பெரும்பாலும் உணவெடுக்கிறது, எலிக்குப் பின்னால்தான் பாம்பும் வருகிறது. மேலே சொன்ன இரண்டு ஆபத்தும் ஒரே பொட்டலத்தில் தொடங்குகின்றன.

புல்லில் நேராகப் படுத்துப் போட்டோ எடுக்காதீர்கள், விரிப்புப் போடுங்கள். ஈரத்துணியைப் புதர் மேல் காயவைக்காதீர்கள். முழுக்கால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, டீட் (DEET) கலந்த பூச்சிவிரட்டியைத் தடவிக்கொண்டு நடங்கள். திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது அக்குளையும் காதுக்குப் பின்புறத்தையும் ஒருமுறை பாருங்கள்.

குரங்கு பிறாண்டினாலும் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள். நாய் கடித்தால் மட்டும்தான் ரேபிஸ் என்பது தவறு. செத்துக் கிடக்கும் குரங்கின் அருகில் போகவே வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா காடுகளில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் பிற்பாடு வயநாடு வரை வந்திருக்கிறது.

ஊர் திரும்பிய நாளிலிருந்து மூன்று வாரத்தை காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும், காட்டில் தங்கியதை முதலில் சொல்லுங்கள். தயவுசெய்து.

விடுதி நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மின்சாரமில்லாத மண்குடில் அழகுதான், யாரும் குறை சொல்லவில்லை. கதவுக்கு அடியிலுள்ள இடைவெளியை அடையுங்கள். குடிலைச் சுற்றி நாலடிக்குப் புல்லை வெட்டிவிடுங்கள். விறகை அறைச் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஒருவரைக் கொண்டுபோக எந்த வண்டி, யார் ஓட்டுவார், எந்த ஆஸ்பத்திரி என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். மசினகுடியிலிருந்து ஊட்டி போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கடிபட்ட பிறகு உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்காது. அப்புறம், உங்களிடம் வேலை பார்க்கும் பையன்கள் சமையல் கொட்டகைத் தரையில் சாக்கை விரித்துப் படுக்கிறார்கள். விருந்தினர் இரண்டு ராத்திரி இருப்பார், அவர்கள் வருஷம் முழுக்க அங்கேதான். அவர்களுக்கும் கட்டிலும் வலையும் வாங்கிப் போடுங்கள்.