அப்டேட் ஆனதும் திரும்பி வரும் பிரவுசர் நீட்டிப்புகள்

"அந்த நீட்டிப்பைப் போன மாதமே நிறுத்திவிட்டேனே, மறுபடியும் எப்படி வந்தது?" அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் சொல்வது உண்மைதான். நீட்டிப்பு என்பது பிரவுசரில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல். அவர் அதை நிறுத்தியது பிரவுசருக்குள். திரும்பக் கொண்டுவந்ததோ பிரவுசருக்கு வெளியே இருக்கும் வேறொரு மென்பொருள்.

பிடிஎஃப் மென்பொருள், வைரஸ் தடுப்பு மென்பொருள் போன்றவை புதுப்பிக்கப்படும்போது, "இந்த நீட்டிப்பைக் குரோமில் சேர்" என்று விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பை எழுதி வைக்க முடியும். குரோம் அதைப் படித்து நீட்டிப்பைக் கொண்டுவருகிறது. நீங்கள் அகற்றினால், வேண்டாம் என்று சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நினைவு குரோமில் உங்களுக்கென்று உள்ள சுயவிவரத்தோடு சரி. அதே கணினியில் இன்னொருவர் தன் கணக்கில் நுழைந்தால், ரெஜிஸ்ட்ரிக் குறிப்பு அவருக்கும் வேலை செய்யும். பலர் மாறி மாறி உட்காரும் கணினிகளில் இந்தத் தொல்லை ஓயாததற்குக் காரணம் இதுதான்.

இது புதிய வழக்கமும் அல்ல. 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தந்த டாட் நெட் (விண்டோஸ் நிரல்கள் இயங்க உதவும் மென்பொருள்) புதுப்பிப்பு, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குள் ஒரு நீட்டிப்பைக் கேட்காமலே நுழைத்தது. அதை நீக்கும் பொத்தானும் இயங்கவில்லை. இணையப் பக்கங்களில் ஜாவா நிரல்களை இயக்கிய ஜாவா செருகுநிரலையும் அப்போது பிரவுசர் பிரவுசராகத் தேடி முடக்கிக்கொண்டிருந்தோம். 2012 டிசம்பரில் வந்த ஜாவா 7இன் 10ஆவது புதுப்பிப்புதான், ஜாவாவின் கண்ட்ரோல் பேனலிலேயே ஒரு டிக்கை எடுத்து எல்லாப் பிரவுசர்களிலும் முடக்கும் வசதியைத் தந்தது. ஊற்றுக்கண்ணை அடைப்பதுதான் வழி என்பதை அந்த ஒரு டிக் எனக்கு உணர்த்தியது. ஜாவாவும், அதைப் போன்ற இன்னொரு செருகுநிரலான ஃபிளாஷும் பிரவுசரை விட்டுப் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் இப்போது நீட்டிப்புகள்.

2013 முதல், விண்டோஸில் இப்படி வெளியிலிருந்து வரும் நீட்டிப்புகளைக் குரோம் முடக்கியே வைத்து, இயக்கலாமா என்று உங்களைக் கேட்கிறது. 2017 ஜனவரியில் அடோபி அக்ரோபேட் புதுப்பிப்பு ஒரு நீட்டிப்பைக் கொண்டுவந்தபோதும் கேட்டது. அந்தப் பெட்டியில் இருந்த அனுமதிகளில் முதன்மையானது: நீங்கள் பார்வையிடும் இணையதளங்களில் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கலாம், மாற்றலாம். வங்கிக் கணக்கின் இருப்பு, மின்னஞ்சலின் வரிகள், படிவத்தில் நிரப்பும் அடையாள எண் எல்லாமே இதில் அடக்கம். வேலை அவசரத்தில் இருப்பவர் இதைப் படிப்பதில்லை. பெட்டி மறைந்தால் போதும் என்று "இயக்கு" என்பதை அழுத்திவிடுகிறார். தயவுசெய்து அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

இனி, செய்ய வேண்டியது. எந்த மென்பொருளைப் புதுப்பித்தாலும் உடனே பிரவுசரின் நீட்டிப்புகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கணினியில் எத்தனை பிரவுசர்கள் உண்டோ அத்தனையிலும். வேண்டாததை முடக்கி வைப்பதைவிட அகற்றிவிடுவதே மேல். முடக்கியது ஒரே சொடுக்கில் உயிர்பெறும். பிறகு, அதைக் கொண்டுவந்த மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய், பிரவுசர் தொடர்பான டிக்கை எடுத்துவிடுங்கள். சிலவற்றில் மறுநிறுவலின்போது "விருப்பத் தேர்வு" வழியாகப் போனால்தான் அது கண்ணில் படும். அலுவலகம் என்றால் ஒவ்வொருவரையும் நம்பியிருக்க வேண்டாம்: அலுவலகக் கணினிகளின் பிரவுசர்களுக்கு நிர்வாகி விதிக்கும் நிர்வாகக் கொள்கையில் எல்லா நீட்டிப்புகளையும் தடுத்துவிட்டு, தேவையானவற்றை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இதற்கு வழி இருக்கிறது. மாறாக, வீட்டுக் கணினியின் பிரவுசர் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று காட்டினால், ஏதோ ஒரு மென்பொருள் உங்களுக்குத் தெரியாமல் கொள்கை எழுதியிருக்கலாம். அது எது என்று தேடிப் பிடிக்காமல் விடாதீர்கள்.

நீங்களே விரும்பி வைத்திருக்கும் நீட்டிப்பும் பின்னணியில் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது. புதிய பெரிய அனுமதி கேட்டால் குரோம் அதை நிறுத்திவைத்து உங்களைக் கேட்கும். ஏற்கெனவே எல்லா அனுமதியும் கொடுத்திருந்தால் கேட்க எதுவும் இருக்காது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான நீட்டிப்பு 2020இல் கைமாறியது. அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. அதனால் நீட்டிப்பின் விவரங்களில் உள்ள "தள அணுகல்" என்பதை "சொடுக்கும்போது மட்டும்" என்று மாற்றி வைக்குமாறு எல்லோரிடமும் சொல்கிறேன். பெரும்பாலான நீட்டிப்புகளுக்கு அதுவே போதும்.