பேஸ் கிட்டாருக்குள் இரையும் லக்சபான

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். திருவிழா மேடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும் வாசிக்கிறவர். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார், பழையவை இரண்டு விலைக்கு வந்திருக்கின்றனவாம். ஒன்று பிரிசிஷன் வகை, மற்றது ஜாஸ் வகை. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். "ஜாஸ் வாங்கினால் இரையும் என்கிறார்கள், உண்மையா சேர்? எதை எடுப்பது?"

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இவ்விரண்டையும் உருவாக்கிய லியோ ஃபெண்டருக்கும் தெரியாது என்பதால் துணிந்து எழுதுகிறேன். அவர் கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். 1951இல் பிரிசிஷன் பேஸ் வந்தது. பழைய பெரிய டபுள் பேஸில் சரியான இடத்தில் விரல் வைப்பதற்குக் காது வேண்டும். இதில் கழுத்தின் குறுக்கே பிரெட் என்ற உலோகக் கோடுகள் பதித்திருப்பதால் சுரம் துல்லியமாக விழும், பெயரும் அதனால்தான். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. இரண்டிலும் கம்பியின் நீளம் ஒன்றே, 34 அங்குலம். ஜாஸின் கழுத்து மேல் முனையில் ஒடுங்கியது, சுமார் 38 மில்லிமீற்றர். சின்னக் கை உள்ளவர்களுக்கு அது சுகம்.

ஒலி வேறுபாட்டையும் சட்டென்று முடித்துவிடுகிறேன். கம்பி அதிரும்போது அடிச்சுரத்தோடு அதைவிட உயர்ந்த மேற்றொனிகளும் சேர்ந்து அதிரும். கிட்டார் உடலில் கம்பிகள் தங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் அடிச்சுரத்தின் அசைவு சிறியது, அதனால் அங்கே மேற்றொனிகள் ஓங்கிக் கேட்கும். பிரிசிஷனுக்குக் கம்பியை 'கேட்கும்' பிக்கப் நடுவில் ஒன்று; ஒலி தடிப்பாக, ஒரே குணமாக வரும். ஜாஸுக்குப் பாலத்தருகே ஒன்று, கழுத்துப் பக்கம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி வொல்யூம் குமிழ். கலந்து கலந்து வேண்டிய நிறத்தை எடுக்கலாம்.

இனி இரைச்சலுக்கு வருவோம். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பியும். மேலே உருக்குக் கம்பி. கீழிருக்கும் காந்தம் அந்த உருக்கையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடும். காந்தமான கம்பி ஆடினால் சுருளுக்குள் காந்தப் பாயம் மாறும், பாயம் மாறினால் மின் பிறக்கும். சாதாரண தரத்தில் படித்த பரடேயின் விதி, அவ்வளவுதான். நைலோன் கம்பி போட்டால் இந்தக் கிட்டார் ஊமை. (நான் அந்த விதியைக் கரும்பலகையில் படமாகத்தான் படித்தேன். தோட்டப் பாடசாலையில் ஒரு காந்தத்தைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. பரிசளிப்பு விழா மேடைக்குச் செலவழிக்கும் காசில் பத்துக் காந்தமும் ஒரு றாத்தல் செப்புக் கம்பியும் வாங்கலாம் என்று சொன்னால் இன்றும் சிலருக்குக் கோபம் வருகிறது.)

இதே விதிதான் லக்சபானவிலும். கெஹெல்கமு ஓயாவின் தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜிலிருந்து குழாய் வழியே இறங்கிச் சுழலியைச் சுற்றுகிறது, சுருள்களுக்கு நடுவே காந்தம் சுழல்கிறது. பழைய லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல், பிரிசிஷன் பேஸுக்கு ஒரு வயது மூத்தது. அங்கிருந்து வரும் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 தடவை ஆடுகிறது. நாட்டின் பெரிய மின் நிலையங்களெல்லாம் ஒன்றோடொன்று காலடி பிசகாமல் அதே 50இல்தான் மின் தர வேண்டும்.

உங்கள் மேடையில் டிரான்ஸ்போமர் இருக்கிறது, டியூப் லைட் இருக்கிறது, சுருண்டு கிடக்கும் வயர் இருக்கிறது. அவற்றைச் சுற்றி 50 ஹெர்ட்ஸில் ஆடும் காந்தப் புலம் உண்டு. பிக்கப் சுருளுக்குக் கம்பி எது, டியூப் லைட் எது என்று தெரியாது. இரண்டையும் மின்னாக்கி அனுப்பிவிடும். ஒலிபெருக்கியில் வரும் அந்த ம்ம்ம் என்ற இரைச்சல், ஆற்றுத் தண்ணீர் சுழற்றிய காந்தத்தின் குரல்.

இதை அடக்கும் வித்தை இருக்கிறதே, அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அவ்வளவு எளிது. இரண்டு சுருள் எடுங்கள். முதலாவதில் கம்பியின் ஒலி +5, இரைச்சல் +2 என்று வையுங்கள். இரண்டாவதை எதிர்த்திசையில் சுற்றுங்கள். எல்லாம் தலைகீழ்: கம்பி −5, இரைச்சல் −2. இப்போது கூட்டினால் எல்லாமே பூச்சியம், கச்சேரி முடிந்தது. இங்கேதான் தந்திரம். இரண்டாவது சுருளின் காந்தத்தையும் புரட்டி வையுங்கள், வடமுனை இருந்த இடத்தில் தென்முனை. கம்பியின் ஒலி காந்தத்தின் வழியாகத்தான் வருகிறது. ஆகவே அது மறுபடியும் புரண்டு +5 ஆகிவிடும். டியூப் லைட் இரைச்சலோ அந்தக் காந்தத்தைச் சட்டை செய்யாமல் நேரே சுருளுக்குள் வந்தது. காந்தத்தைப் புரட்டினாலும் அது −2தான். கூட்டுங்கள். கம்பி 10, இரைச்சல் பூச்சியம்.

ஜாஸ் பேஸில் நடப்பது இதுவே. இரண்டு குமிழும் ஒரே அளவில் திறந்திருக்கும்வரை அமைதி. ஒன்றைக் குறைத்தீர்களோ, கணக்கு உடையும், இரைச்சல் தலை நீட்டும். தம்பியிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார்கள்.

பிரிசிஷனுக்கு ஆரம்பத்தில் ஒரே சுருள், அதுவும் இரைந்தது. 1957இல் அந்தப் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, தடித்த இரண்டு கம்பிக்கு ஒரு பாதி, மெல்லிய இரண்டுக்கு மறுபாதி என்று முன்பின்னாக வைத்தார்கள். சுற்றிய திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிர். ஒவ்வொரு கம்பியையும் ஒரு பாதி மட்டுமே கேட்கிறது, இரைச்சலை இரண்டு பாதியும் கேட்டு ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. குமிழை எப்படித் திருகினாலும் இந்தக் கணக்கு உடையாது.

ஒரு திருவிழாவில் பார்த்தது. பேஸ் விடாமல் இரைந்தது. யாரோ அம்ப்ளிபையரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். கட்டி முடிக்கவும் வாசிப்பவர் கம்பிகளில் கையை வைக்கவும் சரியாக இருந்தது, இரைச்சல் பாதியாகக் குறைந்தது. புகழ் பழத்துக்குப் போய்விட்டது. நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிறைந்த ஏரியல். சுற்றுப்புற மின்புலத்தை வாங்கிக் கிட்டாரருகே கொண்டுவருகிறது. கம்பிகள் எர்த்தோடு இணைந்திருப்பதால், தொட்டதும் அந்த ஏரியல் செத்துவிடும். கைராசியும் இல்லை, கண்ணேறும் இல்லை. ஆனால் இதற்கு வேறொரு முகமும் உண்டு. மேடையின் எர்த் கம்பி அறுந்திருந்தாலோ வயரிங் பிசகியிருந்தாலோ, கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டால் அடிக்கும். ஆளையே கொல்லவும் கூடும். எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சரியில்லாத இடத்தில் எந்தப் பேஸையும் செருகாதீர்கள் தம்பி. இதில் எனக்கு வேடிக்கை இல்லை.

ஆக, எதை எடுப்பது? திருவிழா மேடை, வாடகை ஜெனரேட்டர், தலைக்கு மேலே சீரியல் பல்பு என்றால் நான் பிரிசிஷன் பக்கம். தேவாலயத்தில் நிதானமாக வாசித்து ஒலியின் நிறத்தைத் தேடுகிறவர் என்றால் ஜாஸ். எதுவானாலும் கழுத்தை ஒரு கண்ணால் பார்த்து நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் பனியும் ஈரமும் மரத்தைச் சும்மா விடாது.

ஜாஸைப் பார்க்கப் போனால் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று ஒரு குமிழை முழுதாக மூடுங்கள். இரைச்சல் வரும், அதில் 50 ஹெர்ட்ஸோடு அதன் இரட்டிப்பான 100உம் இருக்கும். இப்போது மிக மெல்லிய கம்பியை, ஜி சுரத்தை, எங்கும் அழுத்தாமல் மெதுவாக மீட்டுங்கள். சுருதி சரியாக இருந்தால் அதன் மீடிறன், அதாவது செக்கனுக்கு அதிரும் தடவை, 98. நூறும் தொண்ணூற்றெட்டும் மோதும்போது செக்கனுக்குச் சுமார் இரண்டு தடவை ஒலி வீங்கித் தணியும். ஒரு பாதி உங்கள் விரல், மறுபாதி லக்சபான.