துக்க வீட்டில் காரணம் சொல்லாதீர்கள்

"நேர்த்திக்கடன் பாக்கி வெச்சிருந்தியாமே, அதான் சாமி எடுத்துக்கிச்சு." தீ விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் சொன்னது இது. சொன்னவர் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அவருடைய அண்ணன் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்கார வைத்தபோது என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "நான்தான் எம் புள்ளையக் கொன்னுட்டனா மேடம்?"

கிருஷ்ணகிரியில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். இப்படி வருகிறவர்கள் குறையவே மாட்டேன் என்கிறார்கள். ஆள் மாறுகிறார், ஊர் மாறுகிறது, மதமும் மாறுகிறது. யாரோ ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போன 'காரணம்' மட்டும் மாறுவதில்லை. பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் இரண்டும் கொஞ்சமாகவா பார்த்துவிட்டன? 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் போனார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. அன்றே 14 உயிர்கள். தீபாவளி சீசன் வேலைக்குப் போயிருந்த தர்மபுரி மாவட்டத்துப் பையன்கள் அதில் பலர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தி வைத்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. தொப்பூர் கணவாயின் சாலை விபத்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுப் பொட்டலம் வருகிறது, போர்வை வருகிறது, நிவாரணத் தொகையும் வருகிறது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆறுதல் சொல்வதென்றால் நடந்ததற்கு ஒரு விளக்கம் கொடுப்பது என்று பலர் நம்புகிறார்கள். விதி, பூர்வஜென்மப் பாவம், குலதெய்வக் குத்தம், ஏழரைச் சனி, கர்த்தருடைய சித்தம், அல்லாஹ்வின் நாட்டம். சொல்பவர் கெட்டவர் இல்லை. வாயடைத்து உட்கார்ந்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை. நடந்ததற்கு அந்த வீட்டிலேயே ஒரு காரணம் இருந்துவிட்டால், அது தன் வீட்டுக்கு வராது என்ற நிம்மதியும் அவருக்கு உள்ளுக்குள் கிடைக்கிறது. கேட்பவரின் நிலைமை வேறு. இறந்தவரின் தாயோ மனைவியோ ஏற்கெனவே ராத்திரி முழுக்கக் காரணம் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அன்றைக்கு வேலைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால், போன் பண்ணி வரச் சொல்லியிருந்தால், சண்டை போடாமல் இருந்திருந்தால். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு சாக்குக்காக மனம் தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நீங்கள் சாமியின் பெயரால் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறீர்கள். சாமி பெயரால் சொன்னதை எதிர்த்து யாரிடம் போய் வாதாடுவார்?

இன்னொன்றும் இருக்கிறது. பட்டாசுக் கிடங்கு கர்மத்தால் வெடிப்பதில்லை. எவ்வளவு சரக்கை எங்கே வைத்தார்கள், வெளியே ஓட வழி இருந்ததா, லைசென்ஸ் எதற்கு வாங்கினார்கள் என்ற கேள்விகளுக்கு யாரோ பதில் சொல்ல வேண்டும். "எல்லாம் தலையெழுத்து" என்று நீங்கள் முடித்துவிட்டால், அதைக் கேட்கிற உரிமையும் தனக்கு இல்லை என்று அந்தக் குடும்பம் நினைத்துக்கொள்கிறது.

சரி, அவர்களே "என் விதிங்க" என்று சொன்னால்? மறுக்காதீர்கள், பிரசங்கமும் செய்யாதீர்கள், தலையசைத்துக் கேளுங்கள். அவர் வாயிலிருந்து வந்தால் அது அவருக்குப் பிடிமானமாக இருக்கலாம். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. "இன்னொரு புள்ள இருக்கே", "வயசானவர்தானே", "மத்த வீட்ல ரெண்டு பேர் போயிட்டாங்க, உனக்கு ஒருத்தர்தானே" ஆகியவையும் இதே ரகம். தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம் என்னதான் சொல்வது என்று கேட்பீர்கள். "நான் இருக்கேன்கா" போதும். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், அழுதால் அழ விடுங்கள். நம் ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதை நாகரிகம் இல்லை என்று நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இறந்தவரின் பெயரையும் குணத்தையும் சொல்லிச் சொல்லி ஊரோடு சேர்ந்து அழுவதைவிட நல்ல முதலுதவி அந்த முதல் நாளுக்கு என்னிடம் இல்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் மூன்றே காரியங்களைத்தான் சொல்கிறது: பார், கேள், இணை. அறிவுரை அதில் இல்லை. இணைப்பது என்றால் பெரிய விஷயம் எதுவும் கிடையாது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வெள்ளத்தில் போன ரேஷன் கார்டு என்று அந்தக் குடும்பம் வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலையும். அந்த அலைச்சலில் பாதியை நீங்கள் வாங்கிக்கொண்டால் அதுவே மனதுக்கும் மருந்து.

சாமி மேல் கோபப்பட விடுங்கள். பூஜை மாடத்திலிருந்து படங்களை எல்லாம் எடுத்துப் பரணில் போட்டுவிட்ட ஒரு அப்பாவை, "தெய்வ நிந்தனை, இன்னும் கெட்டது நடக்கும்" என்று பங்காளிகள் மிரட்டினார்கள். அவர் தெய்வத்தை விட்டு விலகவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சண்டையில் மூன்றாவது ஆள் நுழையக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான்: "முன்னெல்லாம் கஷ்டம் வந்தா எங்க போவீங்க? இப்ப போகத் தோணுதா?" தோன்றவில்லை என்றால் விட்டுவிடுவேன்.

சடங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தீயிலும் வெள்ளத்திலும் உடல் முழுதாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அடையாளம் காண நாளாகும், சில சமயம் கிடைப்பதே இல்லை. குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, முகம் பார்க்கவில்லை என்ற குறை பல வருடம் கழித்தும் ஆளை அரிக்கும். வழி இருக்கிறது, கேட்க வேண்டும். உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் உருவம் செய்து காரியம் செய்யும் வழக்கம் உண்டு. கழுவ முடியாத உடலுக்கு இஸ்லாத்தில் 'தயம்மும்' என்ற முறை உண்டு, தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணால் தூய்மை செய்வது. உடல் இல்லாமலே நினைவுத் திருப்பலி வைக்கப் பங்குத் தந்தையிடம் கேட்கலாம். குடும்பம் எந்தப் பெரியவரை நம்புகிறதோ அவரை அழைத்து வாருங்கள், உங்களுக்குப் பிடித்தவரை வேண்டாம். முகம் பார்ப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். "பொம்பளைங்க தாங்க மாட்டாங்க" என்று நீங்களாகத் தடுக்காதீர்கள். பார்க்க விடவில்லையே என்று என்னிடம் வந்து அழுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம்.

மந்திரிப்பதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பயந்த பிள்ளைக்கு வேப்பிலை அடிப்பதிலும், தர்காவில் ஓதி ஊதி வருவதிலும் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. போய்விட்டு எங்களிடமும் வாருங்கள். அடிக்கிறவர், சூடு போடுகிறவர், பட்டினி போடச் சொல்கிறவர், நிவாரணப் பணத்தில் பரிகாரம் கேட்கிறவர் என்றால் அந்த வாசலையே மிதிக்காதீர்கள்.

முகாமில் சோற்றுப் பொட்டலத்தோடு துண்டுப் பிரசுரம் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த மதமானாலும் சரி, கட்சியானாலும் சரி, இது தவறு. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை விதிகளிலேயே, உதவியைக் கொண்டு மதத்தையோ அரசியலையோ வளர்க்கக் கூடாது என்று இருக்கிறது. பசியோடு இருப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

போனை உள்ளே வையுங்கள். "எப்படி நடந்துச்சு, சொல்லுங்க, மனசு லேசாகும்" என்று வருகிறவர் எல்லாம் கேட்டால் லேசாகாது. ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. அவராகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். "ஒரு ஊசி போட்டுத் தூங்க வைங்க டாக்டர்" என்று வற்புறுத்துவதும் வேண்டாம். துக்கத்துக்கென்று தூக்க மாத்திரை கொடுப்பதை அதே நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல் கூடாது என்கிறது. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கித் தருவது அதைவிட ஆபத்து.

பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்றால் பிள்ளை வாசலிலேயே நிற்கும். "தூங்குறார்" என்றால் தூங்கவே பயப்படும். இறந்துவிட்டார், இனி வர மாட்டார், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை. இந்த மூன்றையும் சின்ன வார்த்தைகளில், மடியில் வைத்துச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி கேட்கும், மறுபடி மறுபடி சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்கள் சொந்தபந்தத்தின் துணையோடு மெல்ல மெல்ல மீண்டுவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமோ சாப்பாடோ திரும்பவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி ஏறிக்கொண்டே போகிறது என்றால் அழைத்து வாருங்கள். "நானும் போயிடறேன்" என்று சொன்னால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள். ஆளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தை அன்றே அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கிறார்கள்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்ததும் எல்லோரும் போய்விடுவார்கள். நீங்கள் அதற்குப் பிறகு போங்கள். முப்பதாம் நாள் போங்கள். பட்டாசு விபத்தில் இழந்த வீட்டுக்கு அடுத்த தீபாவளி அன்று காலையிலேயே போய்விடுங்கள், வெடிச் சத்தம் கேட்கும்போது யாராவது கூட இருக்கட்டும். ஊத்தங்கரைப் பக்கம் சொந்தம் இருந்தால், கார்த்திகையில் வானம் இருட்டும்போது ஒரு போன் போடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பேச எதுவும் தோன்றாவிட்டால் சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். இல்லை என்றால் சோறு எடுத்துக்கொண்டு போங்கள்.