சன்ஸ்கிரீன்: திரையா, தடுப்பா, காப்பா?

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சியோ சிதறடித்தோ, அவை தோலுக்குள் இறங்குவதைக் குறைக்கும் பூச்சுக்கு ஆங்கிலத்தில் சன்ஸ்கிரீன் என்று பெயர். இதில் 'சன்' என்பது ஞாயிறு. 'ஸ்கிரீன்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். கணப்பு நெருப்பின் அனல் நேராக மேலே படாதிருக்க முன்னால் நிறுத்தும் மறைப்பே அதன் தொடக்கப் பொருள். படம் காட்டும் திரை என்ற பொருள் பிற்பாடு ஏற்பட்டது.

சொல்லுக்குச் சொல் வைத்துச் 'சூரியத் திரை' என்று ஆக்கினால் தமிழில் ஒரு விபரீதம் நேர்கிறது. 'நரை, திரை, மூப்பு' என்னும் தொடரில் திரை என்பது தோற்சுருக்கம். நெடுங்காலம் வெயிலில் காயும் தோலில் புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையான யுவிஏ கதிர்கள் உண்டாக்குவதும் அதே சுருக்கம்தான் என்பதால், எதைத் தவிர்க்கப் பூசுகிறோமோ அதுவே பூச்சின் பெயராகிவிடும்!

'சூரியத் தடுப்பு' என்பது வேறு வகையில் பிழையானது. கதிரை முழுவதும் தடுக்கும் பூச்சு எதுவும் இல்லை. 'சன்பிளாக்' என்ற சொல் திறனை மிகைப்படுத்துவதாகக் கருதி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் வெளியிட்ட விதிகளில் அதைப் பொருளின் மேலுறையில் அச்சிடக் கூடாதென விலக்கியது. ஆகவே 'வெயில்காப்புப் பூச்சு' என்பதே பொருத்தம் எனக் கருதுகிறேன். இதிலும் ஒரு குறை உண்டு: வெயில் என்றதும் நமக்குச் சூடுதான் நினைவுக்கு வரும், புற ஊதாக் கதிரோ சூடாக உணரப்படுவதில்லை, மேகம் மூடிய குளிர்ந்த பகலிலும் கணிசமாக வந்து சேரும்.

எஸ்.பி.எஃப். என்பதை 'வெயில்காப்பு எண்' எனலாம். பூசிய தோல் சிவக்கத் தேவைப்படும் கதிரளவு, பூசாத தோலுக்குத் தேவைப்படுவதைப் போல் எத்தனை மடங்கு என்பதே அந்த எண். எண் இரட்டித்தால் தடுக்கப்படும் கதிரின் அளவும் இரட்டிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் புற ஊதாக் கதிரின் மற்றொரு வகையான யுவிபி கதிரில் எண் 15 ஏறக்குறைய 93 விழுக்காட்டையும், 30 ஏறக்குறைய 97 விழுக்காட்டையும், 50 ஏறக்குறைய 98 விழுக்காட்டையும் குறைக்கின்றன. அதுவும் ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி அளந்த கணக்கு. முகத்துக்கும் கழுத்துக்குமாகச் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் ஓரளவு அதை எட்டலாம். பொட்டளவு தொட்டுத் தேய்த்தால் எண் 50 வெறும் அச்செழுத்தாகவே நிற்கும்.

இந்த எண் பெரும்பாலும் தோலைச் சிவக்கவைக்கும் யுவிபி கதிரையே கணக்கில் கொள்கிறது. யுவிஏ கதிருக்கும் காப்பு வேண்டுமானால் மேலுறையில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றிருக்க வேண்டும். 'இருகதிர்க் காப்பு' என்றால் எளிதில் விளங்கும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பொதுவாகப் பூச்சைத் தவிர்த்து, நிழலும் உடையும் கொண்டே காப்பது நல்லது.

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்பதை 'நீர்புகா' என்று மொழிபெயர்ப்பது ஆபத்தானது. 'நீர்தாங்கும்' என்பதே சரி. மேற்சொன்ன விதிகளின்படி அது நீரிலோ வியர்வையிலோ 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்பதையே குறிக்கிறது. அதன் பிறகும், துண்டால் துடைத்த உடனும், நனையாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் மறுபடி பூச வேண்டும்.