எஞ்சினை மாற்றும்போது சார்ஜ் லைட்டையும் ஆயில் லைட்டையும் விட்டுவிடாதீர்கள்

மஹிந்திராவின் பழைய எம்எம்540 ஜீப்பில் இருக்கும் பியூஜோ டீசல் எஞ்சினை இறக்கிவிட்டு, பொலேரோவின் 2523 சிசி டிஐ எஞ்சினை ஏற்றுவது நம் பட்டறைகளுக்குப் பழகிய வேலை. மவுண்டிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் என்று உழைப்பெல்லாம் இரும்பு வேலைக்கே போய்விடுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் டேஷ்போர்டு வயரிங்கை அவசரமாக முடித்துச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆயில் லைட்டே எரியாத ஜீப்புகள் ரோட்டில் ஓடுவது இதனால்தான். பிரஷர் போனது தெரியாமல் ஓட்டினால் பேரிங்கும் கிராங்கும் போகச் சில நிமிடம் போதும்.

இந்த லைட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 12 வோல்ட் சாவி வழியாக வரும். எர்த் கொடுப்பது எஞ்சின் பக்கம். ஆகவே பழைய எஞ்சினை இறக்கும் முன்பே சாவியை ஆன் செய்து, எதெது எரிகிறது என்று போட்டோ எடுங்கள். வயரைக் கழற்றும்போதே சீட்டு ஒட்டுங்கள். கலரை நம்ப வேண்டாம், பழைய வண்டியில் யாராவது ஏற்கெனவே கை வைத்திருப்பார்கள்.

அதிகம் கெடுவது சார்ஜ் லைட், அதாவது பேட்டரிக்கு சார்ஜ் ஏறாவிட்டால் எரியும் லைட். அது வெறும் அடையாள லைட் அல்ல. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், உள்ளே சுழலும் ரோட்டருக்குப் போகும் முதல் கரண்ட்டே இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. 12 வோல்ட், 2.2 வாட் பல்பு என்றால் சுமார் 0.18 ஆம்பியர். அந்த இடத்தில் எல்இடி போட்டால் கரண்ட் போதாது. எஞ்சினை நன்றாக ரேஸ் செய்யும் வரை சார்ஜ் ஏறாது, சிலவற்றில் ஏறவே ஏறாது. எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்குப் பக்கவாட்டில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைக்க வேண்டும். அது சூடாகும், பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள்.

ஜப்பான் வகை ஆல்டர்னேட்டரில் ஐஜி, எல், எஸ் என்று மூன்று முனை பார்க்கலாம். ஐஜி சாவி சப்ளைக்கு, எல் லைட்டுக்கு, எஸ் ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்கு. எல் முனைக்கு பல்பு இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்தால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எரிந்துவிடும். ஏனென்றால் லைட்டை எரிய வைக்க ரெகுலேட்டர் அந்த முனையை உள்ளேயே எர்த் செய்கிறது. சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லையா? ஆல்டர்னேட்டரிலிருந்து லைட் வழியாகக் கரண்ட் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றை லைட் வயரில், கோடு போட்ட முனை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும்படி போட்டால் தீரும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும்.

ஆயில் லைட்டில் குழப்பம் வேறு. லைட்டுக்கான பிரஷர் சுவிட்ச் எஞ்சின் நிற்கும்போது எர்த் கொடுக்கும், பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வந்ததும் விட்டுவிடும். கேஜுக்கான சென்சார் அப்படியல்ல, பிரஷருக்கு ஏற்ப அதன் ஓம் மாறும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் முள் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், அல்லது லைட் மங்கலாகவே எரியும். இரண்டும் வேண்டுமானால் டீ ஜாயிண்ட் போடலாம். ஆனால் பித்தளை டீயில் கனமான சென்சாரை நேரே தொங்கவிட்டால் எஞ்சின் அதிர்வில் ஜாயிண்ட் முறிந்து ஆயில் முழுவதும் வெளியேறும். ஹோஸ் போட்டு சென்சாரை பாடியில் பொருத்தி, தனி எர்த் வயர் இழுங்கள். திரெட்டையும் அளந்து பாருங்கள்: 1/8 பிஎஸ்பிடி, எம்10x1 என்ற இரண்டு திரெட் வகைகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பலவந்தமாக முறுக்கினால் பிளாக் கெடும். டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றினால் சுவிட்ச்சுக்கு எர்த்தே கிடைக்காமல் போகும்.

டெம்பரேச்சர் கேஜுக்கு அதன் பழைய சென்சாரையே புதிய எஞ்சினில் பொருத்துவது நல்லது. துளை இல்லையென்றால் ரேடியேட்டர் ஹோஸ் அடாப்டர், அதற்கும் தனி எர்த். சிஆர்டிஇ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் டீசல்) எஞ்சின் ஏற்றினால் ஈசியூ என்ற அந்த கம்ப்யூட்டரின் சென்சார் வயரில் கேஜை ஒட்டுப் போடாதீர்கள். இரண்டும் தப்பாகக் காட்டும். செக் எஞ்சின் லைட்டுக்குத் தனி பல்பு வையுங்கள். அதை ஆயில் லைட்டோடு சேர்த்துக் கட்டுவது அப்பட்டமான ஏமாற்று வேலை.

எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே தடித்த எர்த் ஸ்டிராப் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே ஓடி அதைச் சூடாக்கும். மீட்டர் முள்ளும் ஆடும். வேக்குவத்தின் உதவியால் பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில், புது ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் பிரேக் கல்லாகிவிடும், அதைச் சொல்ல லைட்டும் இருக்காது.

எஞ்சின் எண் மாறுவதால் ஆர்டிஓ அனுமதியை வேலை தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படித்துப் பாருங்கள்.

வண்டியை எடுக்கும்போது உரிமையாளரே சோதிக்கலாம். சாவி ஆன், எஞ்சின் ஆஃப்: சார்ஜ், ஆயில் இரண்டும் பளிச்சென்று எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்தால் சில நொடியில் இரண்டும் அணைய வேண்டும். ஐட்லிங்கில் ஆயில் சுவிட்ச் வயரைக் கழற்றி பிளாக்கில் தொட்டால் லைட் எரிய வேண்டும். சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றவே கழற்றாதீர்கள். வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரும் டையோடும் போய்விடும், மல்டிமீட்டர் வைத்தாலே தெரிந்துவிடும்.